தோட்டத்துத் தண்டவாளங்களும் ஒரு குறிப்பேடும்

ஜேர்மனியில் வாழும் எம்மவர் பலருக்கு நகரின் ஓரத்திலே ஒரு சிறு தோட்டம் உண்டு. அடுக்குமாடி வீட்டில் குடியிருந்துகொண்டு, வார இறுதியிலாவது மண்ணைத் தொட வேண்டும் என்பதற்காகக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும் துண்டு நிலம் அது. ‘ஷ்ரேபர்கார்ட்டன்’ என்று இந்நாட்டவர் அழைக்கும் இத்தோட்டங்களில் எம்மவர் கத்தரியும் மிளகாயும் வெந்தயக் கீரையும் பயிரிடுவதை வாசகர்கள் அறிவர். நாம் குத்தகைக்கு எடுத்த தோட்டத்திலும் அவையே விளைகின்றன. வேலிக்கு அப்பால் இருந்த அயற் தோட்டத்திலோ ஒரு புகையிரதம் ஓடியது.

முழங்கால் உயரமும் இல்லாத புகையிரதம் அது. போஞ்சிக் கொடிகளின் ஊடாக வளைந்து, குள்ள ஊசியிலை மரங்களின் நிழலிற் புகுந்து, ஒரு சுரங்கத்தினுள் மறைந்து, மறுபுறத்தில் வெளிப்பட்டு, மரத்தாலான ஒரு சிறு நிலையத்தில் வந்து நிற்கும். அதை அமைத்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஜேர்மானியப் பெரியவர். எட்டு ஆண்டுகள் அவர் எமக்கு அயலவராக இருந்தார். கடந்த மாரிகாலத்தில் அவர் காலமானார்.

இந்நாட்டுத் தோட்டச் சட்டங்கள் கண்டிப்பானவை. 1983ஆம் ஆண்டின் சட்டத்தின்படி ஒரு தோட்டம் 400 சதுர மீற்றருக்கு மேற்படலாகாது. அதில் மூன்றிலொரு பங்கிலாவது காய்கனி விளைய வேண்டும் என்பது நீதிமன்றத் தீர்ப்பு. குத்தகைக்காரர் இறந்துவிட்டால் நிலத்தைத் துப்புரவாக்கி ஒப்படைக்க வேண்டும். பெரியவரின் மகள் தொலைவிலுள்ள நகரொன்றில் வசிப்பவர். கோடை முடிவதற்குள் தோட்டத்திலுள்ள பாதையை அகற்றவும், வீட்டு நிலவறையிலிருந்த சேகரிப்பைப் பட்டியலிடவும் எம்மிடம் உதவி கேட்டார். அந்த மூன்று வாரங்களில் நாம் கண்டவற்றையும் கற்றவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டும் அளவுத்திட்டமும்

மாதிரிப் புகையிரதம் என்றதும் அது குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள் என்றே எம்மிற் பலர் எண்ணுவோம். இந்நாட்டில் அது ஒரு தொழில், ஒரு கைவினை, பலருக்கு வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் ஈடுபாடு. 1859இல் கோப்பிங்கன் நகரில் தகரத்தாற் பொம்மைச் சமையற் பாத்திரங்கள் செய்யத் தொடங்கிய மார்க்ளின் நிறுவனம், 1891ஆம் ஆண்டு லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் முடுக்கிவிட்டால் ஓடும் புகையிரதம் ஒன்றைத் தண்டவாளங்களோடு காட்சிக்கு வைத்தது. தண்டவாளங்களின் இடைவெளியை ஒழுங்குபடுத்தி, அவ்வகைகளுக்கு இலக்கமும் இட்டது. இன்று வாங்கும் பாதையோடு அடுத்த ஆண்டு வாங்கும் பாதையும் பொருந்தும் என்ற உறுதி அதனாற் கிடைத்தது. சிறிது சிறிதாக வாங்கிச் சேர்க்கும் பழக்கம் அந்த உறுதியின் மீதுதான் வளர்ந்தது.

இதன் அடிப்படை அளவுத்திட்டம். பாடசாலையில் தேசப்படம் வரையக் கற்ற அதே அளவுத்திட்டந்தான். இன்று மிகப் பரவலாக உள்ள வகை உண்மையின் 87இல் ஒரு பங்கு. அதிலே சராசரி உயரமுள்ள மனிதன் இரண்டு சென்ரிமீற்றர் உயரமே இருப்பான். 1972இல் வெளிவந்த மிகச் சிறிய வகையொன்று 220இல் ஒரு பங்கு. அதில் அவன் ஓர் அரிசிமணியளவுதான். பெரியவரின் தோட்டத்தில் இருந்ததோ பெருவகை. 22.5இல் ஒரு பங்கு. அதில் மனிதன் ஏழரைச் சென்ரிமீற்றர் உயரம் இருப்பான். தொப்பி அணிந்திருக்கிறானா, கையிற் கொடி வைத்திருக்கிறானா என்பதெல்லாம் தெரியும்.

இருபத்திரண்டரை என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? இப்பெருவகையின் தண்டவாள இடைவெளி 45 மில்லிமீற்றர். மலைப்பகுதிகளில் ஓடும் ஒரு மீற்றர் அகலமுள்ள ஒடுங்கிய பாதையை 22.5 ஆல் வகுத்தால் ஏறக்குறைய அந்த 45 கிடைக்கும். ஆகவே மலைப்பாதைகளைத் தோட்டத்துக்குக் கொண்டுவர ஏற்ற அளவு இது.

பெயர்ந்து வந்த தொழிற்சாலை

இப்பெருவகையை உலகுக்குத் தந்த நிறுவனத்தின் வரலாறு அகதிகளாகிய எமக்கு அந்நியமானதன்று. ஏர்ன்ஸ்ற் பவுல் லேமன் என்பவர் 1881இல் பிறண்டன்பேர்க் நகரில் தகர விளையாட்டுப் பொருட்களுக்கான தொழிற்சாலையொன்றைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின் பின்னர் அந்நகர் சோவியத் ஆட்சிக்குட்பட்ட பகுதியில் அமைந்தது. தொழிற்சாலை அரசுடைமையாக்கப்பட்டது. அதன் உரிமையாளராக இருந்த யொகனஸ் றிச்ரர் மேற்கே வந்து, 1951இல் நியூரன்பேர்க் நகரில் அதே பெயரோடு மீண்டும் தொடங்கினார். அங்கிருந்துதான் 1968ஆம் ஆண்டு, றிச்ரர் குடும்பத்துச் சகோதரர்களான ஏபர்ஹார்ட்டும் வொல்ப்காங்கும் ‘லேமன் பெரும்புகையிரதம்’ என்ற பொருள்படும் எல்.ஜி.பி. வகையை வெளியிட்டனர். மழையிலும் வெயிலிலும் வெளியே கிடக்கக்கூடிய பாதை என்பதே அதன் புதுமை. ‘ஸ்ரைன்ஸ்’ என்ற பெயர்கொண்ட ஒஸ்ரிய நாட்டுச் சிறு நீராவி எஞ்சின் ஒன்றின் மாதிரியே அதன் முதல் எஞ்சின்.

நிறுவனத்தின் சோதனை அத்தோடு முடியவில்லை. 2006இல் அது கடனில் முறிந்தது. 2007இல் மார்க்ளின் அதனை வாங்கியது. 2009இல் மார்க்ளினே முறிவை எதிர்கொண்டு பின்னர் மீண்டது. எல்.ஜி.பி. என்ற பெயர் இன்றும் மார்க்ளினின் கீழ் நிலைத்திருக்கிறது.

எமது அயலவரும் அதே திசையில் வந்தவர்தான். கிழக்கே, ஹார்ஸ் மலைத்தொடரில், வேர்னிகெரோட நகரிலிருந்து நோட்ஹவுசன் வரை செல்லும் ஒடுங்கிய புகையிரதப் பாதையோரத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். 1957இல், பன்னிரண்டு வயதில், பெற்றோருடன் இரண்டு பயணப் பைகளோடு மேற்கே தப்பி வந்தார். 1949க்கும் 1961க்கும் இடையில் அவ்வாறு வந்தவர்கள் சுமார் 27 இலட்சம் பேர். 1961 ஓகஸ்ட் மாதம் பேர்ளின் மதில் எழுந்தது. சிறைப்பிடிப்பார்கள் என்ற அச்சத்தால் அக்குடும்பம் பின்னர் ஊரை எட்டிப் பார்க்கவேயில்லை.

தோட்டத்தில் ஒரு மலைப்பாதை

1970களின் தொடக்கத்தில் அவர் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தார். முதல் எஞ்சினையும் வாங்கினார். தமது ஊர்ப் பாதையை இங்கே அமைக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். வேர்னிகெரோடவிலிருந்து நோட்ஹவுசன் வரையான தூரம் ஏறக்குறைய 60 கிலோமீற்றர். அதை 22.5 ஆல் வகுத்தாலும் இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேல் வரும். தோட்டத்திலே கிடந்ததோ 58 மீற்றர் பாதை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதே இக்கலையின் முதற் கேள்வி. அவர் மூன்றைத் தெரிந்தெடுத்தார்: தமது ஊரின் நிலையம், ஒரு மலையேற்றம், ஒரு சுரங்கம்.

ஹார்ஸ் மலைப்பாதைகள் முழுவதிலும் சுரங்கம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதுவும் நீளமானதன்று. அதை வகுத்தால் சில மீற்றரே வரும். ஆகவே சுரங்கத்தை மட்டும் எவ்விதக் குறைப்பும் இன்றி முழு நீளத்திலும் அமைத்தார். தடம் புரண்ட பெட்டியைக் கையால் எடுக்க வசதியாக மேலே மூன்று கற்பலகை மூடிகளை வைத்திருந்தார். மலையேற்றத்தில் இன்னோர் உண்மையை எமக்குக் காட்டினார். அப்பாதையின் மிகக் கடுமையான ஏற்றம் 30க்கு 1. நீளமும் உயரமும் ஒரே அளவிற் சுருங்குவதால் ஏற்றத்தின் விகிதம் சுருங்குவதில்லை. மூன்று மீற்றர் ஓடினால் பத்துச் சென்ரிமீற்றர் ஏற வேண்டும். சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினைப்போலவே அந்த ஏற்றத்திற் சக்கரம் வழுக்கித் திணறும்.

வெளியே பாதை அமைப்பது தரைவிரிப்பின் மீது பாதை அடுக்குவதைப் போன்றதன்று. இந்நாட்டு மாரியில் மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து மண்ணை மேலே தள்ளும். வசந்தத்தில் அது மீண்டும் அமிழும். ஆகவே அவர் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, பருமனான கல்லை நிரப்பி, நீர் வடிய வழிவிட்டு, அதன்மேல் நுண்ணிய சல்லியைப் பரப்பியிருந்தார். சல்லி உடைத்த கல்லாக இருக்க வேண்டும். ஆற்றுக் கூழாங்கல் உருண்டுவிடும், உடைத்த கல்லோ ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். தண்டவாளம் பித்தளை. மின்சாரம் அதன் வழியாகவே எஞ்சினுக்குச் செல்வதால், பித்தளையிற் படியும் கறுப்பை ஒவ்வொரு தடவையும் தேய்த்துத் துடைத்த பின்னரே வண்டியை ஓட்டலாம். மின்மாற்றி குடிலுக்குள் ஈரம் படாமல் இருக்கும். கையைத் தொட்டாலும் ஊறு செய்யாத குறைந்த அழுத்த மின்சாரமே வெளியே வரும். மழைக்குப் பிந்திய காலைகளில் தண்டவாளத்தின்மேல் நத்தைகள் ஏறியிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கீரைப் பாத்திக்கு எதிர்ப்புறமாக விடுவது எமது பிள்ளைகளின் பொறுப்பு.

இடப்பக்கமும் வலப்பக்கமும்

நிலவறையில் நாம் கண்டவற்றுள் எம்மை அதிக நேரம் தடுத்து நிறுத்தியது தடித்த மட்டை போட்ட ஒரு குறிப்பேடு. அதன் இடப்பக்கத் தாள்களில் 1970களில் எழுதிய குறிப்புகள்: ஊரின் நிலையக் கட்டடம், அதன் யன்னல்கள், படிகள், மணி தொங்கிய இடம், மேடையோரத்து மரம். யாவும் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் நினைவிலிருந்து எழுதியவை. அந்த நினைவை நம்பியே அவர் முதல் நிலையத்தைச் செய்தார்.

வலப்பக்கத் தாள்கள் 1990ஆம் ஆண்டுக்குரியவை. எல்லை திறந்த பின்னர் அவர் அளவுநாடாவோடு ஊருக்குப் போயிருக்கிறார். இடப்பக்கத்தில் ஏழு படிகள், வலப்பக்கத்தில் நான்கு. இடப்பக்கத்தில் ஐந்து யன்னல்கள், வலப்பக்கத்தில் மூன்று. கூரையின் உயரம் நினைவில் இருந்ததிலும் ஏறக்குறைய இரண்டு மீற்றர் குறைவு. மணி இருந்த பக்கமும் மாறியிருந்தது. மரம் மட்டும் சரியாக இருந்தது.

அவர் ஊரிலிருந்து திரும்பி வந்து, இருபது ஆண்டுகளாகத் தோட்டத்தில் நின்ற நிலையத்தைக் கழற்றிக் குடிலுக்குள் வைத்தார். வலப்பக்க அளவுகளின்படி புதிதாக ஒன்றைச் செய்தார். “பழையதும் அழகாகத்தானே இருந்தது, ஏன் மாற்றினீர்கள்?” என்று நாம் ஒருமுறை கேட்டோம். “பழையது எனது ஏக்கத்தின் அளவு. நான் கட்ட விரும்பியது நிலையத்தை” என்றார். எல்லை மூடியிருந்த காலத்திலும் அவரது ஊர்ப் பாதையில் வண்டிகள் ஓடின. ஆனால் அதிலிருந்து பிரிந்து 1,141 மீற்றர் உயரமான புறொக்கன் சிகரத்துக்கு ஏறும் கிளைப்பாதை 1961இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 1991இல்தான் பயணிகளுக்காக மீண்டும் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே நீராவி எஞ்சின்கள் ஏறுகின்றன.

சிவப்புப் பெட்டிகள்

குறிப்பேட்டின் அருகே, சுவர் முழுவதும் அடுக்கியிருந்தவை எல்.ஜி.பி.யின் சிவப்பு அட்டைப்பெட்டிகள். நூற்றுக்கும் மேற்பட்டவை. பாதை அமைப்பவருக்குள்ளே ஒரு சேகரிப்பாளரும் ஒளிந்திருப்பார் என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. ஹார்ஸ் பாதையில் ஓடும் எஞ்சின்களின் மாதிரிகளை அவர் வாங்கியது இயல்பு. சுவிற்சர்லாந்தின் சிவப்புப் பெட்டிகளும் அமெரிக்க எஞ்சின்களும் அவரது ஊரில் ஓடியவையல்ல. விற்பனைக்கு வந்ததால், கையிற் காசு இருந்ததால், வரிசையில் ஓர் இலக்கம் குறைந்ததால் வாங்கியவை அவை. பாதிக்கு மேற்பட்டவை ஒரு தடவையேனும் தண்டவாளத்தைத் தொடாதவை.

தொடாமல் வைத்தால் பொருள் காக்கப்படும் என்று நாம் எண்ணியிருந்தோம். அது முழு உண்மையன்று. ஓடாத எஞ்சினின் உள்ளே மசகு உறைந்து பசையாகிறது. சக்கரத்தைச் சுற்றிய இறப்பர் வளையம் இறுகி வெடிக்கிறது. அவரது தகப்பனார் காலத்து எஞ்சின் ஒன்று பெட்டிக்குள்ளேயே நொறுங்கிக் கிடந்தது. அக்காலத்து நாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு சிறிது கலந்திருந்தால், பல ஆண்டுகளின் பின் உலோகம் உள்ளிருந்தே வெடித்து உதிரும். ‘நாகக் கொள்ளைநோய்’ என்று பொருள்படும் பெயரை இந்நாட்டவர் அதற்கு வைத்திருக்கிறார்கள். மாறாக, நாற்பது ஆண்டுகள் மழையில் ஓடி, நிறம் மங்கி, கைபட்டுத் தேய்ந்த அந்த முதல் ‘ஸ்ரைன்ஸ்’ எஞ்சின், மின்னிணைப்பைக் கொடுத்ததும் எவ்விதத் தயக்கமும் இன்றி நகர்ந்தது.

பழம்பொருள் வணிகர் ஒருவர் வந்து பார்த்தார். பெட்டியும் விளக்கத்தாளும் கெடாமல் இருந்தவற்றைத் தனியே பிரித்தார். ஓடிக் களைத்தவற்றை மொத்தமாக ஒரு விலைக்குக் கேட்டார். அவர் கூறிய தொகை, பற்றுச்சீட்டுகளிற் கண்ட தொகையில் மூன்றிலொரு பங்கையும் எட்டவில்லை. பெரியவரின் மகள் கண்கலங்கினார். வணிகரைக் குறை சொல்வதற்கில்லை. சேகரித்த தலைமுறை ஒருங்கே மறைந்துகொண்டிருக்கிறது, நிலவறைகள் ஒரே காலத்திற் காலியாகின்றன, வாங்குவோர் குறைந்துவிட்டனர். எதிர்காலத்துக்கான முதலீடு என்று எண்ணி வாங்கியவர்கள் பலர் ஏமாந்தனர். மாலை நேரங்களில் ஓட்டி மகிழ்வதற்காக வாங்கியவர்கள் தமது பணத்தின் பயனை ஏற்கெனவே பெற்றுவிட்டனர் என்றே சொல்ல வேண்டும்.

விடை சொல்ல முடியாத கேள்வி

பாதையைக் கிளப்பும் வேலைக்கு எமது நண்பரின் பதினொரு வயது மகன் வந்திருந்தான். தமிழ்ப் பாடசாலையில் எம்மிடம் படிப்பவன். சல்லியை அரித்து வாளியில் இட்டு, தண்டவாளத் துண்டுகளை இலக்கப்படி அடுக்கினான். இடைவேளையில் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தான். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் நாம் விளக்கினோம். கேட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று, “மாமா, யாழ்ப்பாண ஸ்ரேசன் எவ்வளவு உயரம்?” என்றான்.

“பெரிய ஸ்ரேசன்” என்றோம்.

“அது இடப்பக்கம். எத்தனை மீற்றர்?”

எமக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்திய எமக்கு அந்தச் சிறுவன் முன்னிலையில் விடை இருக்கவில்லை. 1905இல் கொழும்போடு இணைந்த பாதை, 1956இல் ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கிய பாதை, 1990 ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றுபோன பாதை என்று ஆண்டுகளை மட்டும் அடுக்க முடிந்தது. அந்தப் பாதையில் நாம் சென்றதே ஒரேயொரு தடவைதான், தந்தையாரின் மடியில் இருந்தபடி. எமது நினைவில் அம்மேடைக்கு முடிவே இல்லை. ஐந்து யன்னலா, மூன்று யன்னலா என்பதை யாரறிவார்?

அதன்பின் நிகழ்ந்ததை வாசகர்கள் அறிவர். தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுக் காப்பரண்களாயின. நிலையங்கள் கூரையின்றி நின்றன. 2014 ஒக்டோபர் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டிகள் மீண்டும் சென்றன. அது மகிழ்ச்சியே. ஆயினும் இன்று அளவுநாடாவோடு செல்பவர் அளப்பது திருத்திக் கட்டிய நிலையங்களை. ஹார்ஸ் மலைப் பெரியவருக்கு அவரது நிலையம் இருந்தபடியே காத்திருந்தது. எமக்கு அந்த வாய்ப்பு இல்லை. எமது வலப்பக்கத்தை வேறு வழியில்தான் நிரப்ப வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. அதையும் அக்குறிப்பேடே கற்பித்தது. ஊருக்குப் போக முடியாத காலத்தில், பழைய புகைப்படம் ஒன்றிலிருந்து சிலவற்றை அவர் கணித்திருந்தார். படத்தில் தண்டவாளம் தெரிந்தால் அளவுகோல் கிடைத்துவிட்டது என்று பொருள். எமது அகலப் பாதையின் இடைவெளி ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1,676 மில்லிமீற்றர். படத்தில் அந்த இடைவெளி எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்தால், கமராவிலிருந்து அதேயளவு தூரத்தில் உள்ள தூணையும் கதவையும் படியையும் கணித்துவிடலாம். தூரம் வேறுபட்டால் கணக்குப் பிழைக்கும். அது ஒன்றே எச்சரிக்கை.

வீடுகளில் இருக்கும் படங்களில் மனிதர்களை மட்டுமே நாம் பார்க்கிறோம். வழியனுப்ப வந்தோரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் கட்டடத்தைப் பார்ப்பதில்லை. அப்பாதையில் நிலைய அதிபர்களாகவும் காட்டுகளாகவும் சாரதிகளாகவும் தொழிலாளர்களாகவும் வேலை செய்தோர் பாரிசிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் முதுமையோடு இருக்கிறார்கள். ஊரைப்பற்றி அவர்களிடம் கேட்போர் உண்டு. நிலையத்தில் எத்தனை படிகள் என்று கேட்போர் இல்லை. கேட்டால் சொல்வார்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் எழுதி வைப்போம். அதற்குத்தான் இடப்பக்கம் இருக்கிறது.

தோட்டம் உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டது. பெட்டிகள் விற்கப்பட்டன. குறிப்பேட்டை மகள் எடுத்துச் சென்றார். ஓடித் தேய்ந்த அந்த முதல் எஞ்சினையும், ஒரு வட்டத்துக்குப் போதிய பன்னிரண்டு வளைவுத் தண்டவாளங்களையும் நண்பரின் மகனுக்கே கொடுத்துவிட்டார். அவன் இப்போது மாடிவீட்டின் தரையிலே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். எமது 1,676 மில்லிமீற்றர் பாதையை அந்த 45 மில்லிமீற்றருக்குள் அடக்கினால் அளவுத்திட்டம் 37இல் ஒரு பங்கு; ஆளின் உயரம் நான்கரைச் சென்ரிமீற்றர். அட்டையில் ஒரு நிலையம் வெட்டப் போகிறான். முதலாவதாக அவனுக்குத் தேவைப்படுவது மேடையின் உயரம்.

அவ்விடத்தை இடைச்சல்லடையின்றி நினைவில் வைத்திருப்பவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒருவரிடம் அவனை அழைத்துச் செல்கிறோம். அளவுநாடாவையும் புதிய குறிப்பேடு ஒன்றையும் அவன் இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டான்.